அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார்

நடுவானில் இன்ஜின் போல்ட்டுகள் கழன்று, விமானம் விழுந்து பதினோரு பேர் இறந்த விபத்து. விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். தலைமை மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் மனைவிதான் வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்ஜின் மாட்டினது பன்னெண்டாம் தேதிதானே? அன்னைக்கு இவரு வேலைக்கே போகல சார். பொண்ணுக்குப் பிறந்தநாள். நாள் பூரா வீட்ல பலூன் ஊதிட்டிருந்தாரு.”

“நல்லா ஞாபகம் இருக்காம்மா?”

“போட்டோவே இருக்கு.” செல்போனை நீட்டினாள்.

“விடு,” என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி.

“நீங்க சும்மா இருங்க. வாயில்லாப் பூச்சின்னு எவனோ பண்ணதை உங்க தலையில கட்டப் பாக்குறாங்க.”

அதிகாரி படத்தில் தேதியைப் பார்த்தார். “மாட்டினது இவர் இல்லம்மா. ஏறிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறதுதான் இவர் வேலை.”

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். ‘எல்லா போல்ட்டுகளையும் நேரில் சோதித்தேன்.’ கீழே பன்னிரண்டாம் தேதி, கணவரின் கையெழுத்து.

“நான் லீவு போட்டா வேலை நின்னுடக் கூடாதேன்னு, முதல் நாளே வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்,” என்றார் மெக்கானிக். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அவள் செல்போனுக்காகக் கையை நீட்டினாள். அதிகாரி திருப்பித் தரவில்லை.