முப்பத்தொன்பது வருட அனுபவம்

அனுபவம் இல்லாதவர்களைக் கம்பெனிகள் சீந்தாததால், ஐ.டி.ஐ.க்காரர்களே மாணவர்களின் தலைக்குள் அனுபவத்தை ஏற்றி அனுப்பினார்கள். எல்லோரும் ஐந்து வருடம் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு முறை வேலை கைநழுவிப்போன பிலோமினா மட்டும் முப்பத்தொன்பது வருடம் கேட்டு வாங்கினாள்.

வேலைக்கான தேர்வில் அவள் வைத்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்த கம்பெனி மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பிரமாதம்மா! ஆனா வயசு பத்தொன்பது, அனுபவம் முப்பத்தொன்பது. கூட்டினா அம்பத்தெட்டு, ரிட்டையர்மென்ட் வயசாச்சே!"

"நான் இன்னும் வேலைக்கே சேரலையே சார்?"

"அதுக்காக மரியாதை இல்லாமலா அனுப்புவோம்?"

வேலை உத்தரவையும் ஓய்வு உத்தரவையும் ஒன்றாகக் கொடுத்து, சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் பரிசளித்து, கம்பெனி வேனிலேயே வீட்டில் இறக்கிவிட்டார்கள்.

சால்வையைக் கண்டு அம்மா ஓடிவந்தாள். "வேலை கெடைச்சிருச்சாடி?"

"கெடைச்சு, முடிஞ்சும் போச்சும்மா" என்ற பிலோமினா, கடிகாரம் மாட்ட ஆணி தேடினாள்.