டயர்க் கோடு

பத்து மணிக்கெல்லாம் கிரேன் வந்து தெருமுனையில் நின்றுவிட்டது. அதன் கொக்கியைப் பார்த்ததும் நான் வாசலுக்கு ஓடினேன்.

எங்கள் வேன் வாசலில் நின்றது. இரண்டு வருடமாக அங்கேயேதான் நிற்கிறது. உள்ளே என் வீட்டுக்காரர், ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்தபடி.

நகராட்சி அதிகாரி முன்சக்கரத்தின் அருகே குந்தினார். பதினைந்து நாளுக்கு முன் நோட்டீஸை ஒட்டிவிட்டு, டயரிலிருந்து தரைவரை சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

பதினைந்தாம் நாளும் டயரில் உள்ள கோடும் தரையில் உள்ள கோடும் பொருந்தியே இருந்தால் வண்டி அசையவில்லை என்று அர்த்தம். அப்போது அவர் கண் முன்னால் தெருமுனை வரை ஓட்டித் திரும்ப வேண்டும். யாரும் தள்ளக் கூடாது. ஓடாவிட்டால் பழைய இரும்புக் கிடங்குதான்.

நடுவில் கோடு அழிந்துபோனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதுவும் விதிதான்.

கோடு பொருந்தியே இருந்தது. அவர் ஏனோ அதையே வெகுநேரம் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரேக் பிடிக்காமல் இந்த வேன் ஒரு சுவரில் முட்டியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இவர்தான் சாவியை அலமாரியில் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. வேனாவது பலமாகக் காற்றடித்தால் கொஞ்சம் ஆடும்.

நோட்டீஸ் ஒட்டியும் அப்படித்தான். நாலாம் நாள் மழை கொட்டிக் கோட்டைச் சுத்தமாகக் கழுவிவிட்டது. இனி அவசரமில்லை என்று இவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பார்த்தால், அதே இடத்தில் கோடு.

"எவனோ வேணும்னே வந்து போட்டிருக்கான்டி! என் வண்டிய இரும்புக் கடைக்கு அனுப்ப அவனுக்கு அவ்வளவு ஆசையா?"

இரண்டு வருடத்தில் அவருக்கு ரோஷம் வந்தது அன்றுதான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேனுக்கு அடியில் புகுந்தார். பத்து நாள் கிரீஸும் கையுமாகவே கிடந்தார். பிரேக்கை மட்டும் நாலு முறை பிரித்து மாட்டினார்.

இப்போது சாவியைத் திருப்பினார். வேன் இருமியது, நின்றது.

மறுபடி திருப்பினார். மறுபடி இருமல். கிரேன்காரர் கையுறையை மாட்டிக்கொண்டார். தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த நான், கழுத்தில் கிடந்த அளவு நாடாவை முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன்.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

தெருவே புகையில் மறைந்தது. புகைக்குள்ளிருந்து வேன் வெளியே வந்தது. தெருமுனை வரை போய், கிரேனின் மூக்குக்கு நேராக வேண்டுமென்றே பிரேக் அடித்து நின்றது. ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு ராஜா மாதிரித் திரும்பியது. ஜன்னல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"கோடு போட்டவன் மூஞ்சியில கரி!" என்று கத்திக்கொண்டே இவர் இன்னொரு சுற்றுக்குப் போனார்.

கிரேன் வெறும் கொக்கியோடு கிளம்பியது. அதிகாரி நோட்டீஸைக் கிழித்து மடித்தபடி என்னிடம் வந்தார். கழுத்து நாடாவை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் போட்டது வெள்ளைக் கோடும்மா" என்றார் மெதுவாக.

நான் நாடாவைக் கழற்றிச் சுருட்டினேன்.

அவர் தரையில் மிச்சமிருந்த கோட்டை ஷூவால் தேய்த்து அழித்தார். நாலைந்து முறை தேய்க்க வேண்டியிருந்தது. துணிக்கு அளவு போடும் என் நீலச் சாக்பீஸ். நானும் கொஞ்சம் அழுத்தித்தான் போட்டிருந்தேன்.