பன்னிரண்டாம் கூடாரத்து விருந்தாளி

விடிந்து வெகுநேரமாகியும் அந்த மழைக்காட்டுக்குள் வெளிச்சம் ஒவ்வொரு இலையிடமும் கேட்டுக் கேட்டுத்தான் இறங்குகிறது. பன்னிரண்டாம் கூடாரத்தில் அவள் எழுந்த கையோடு படுக்கையைச் சரிசெய்கிறாள். ஆறு வருடமாக இந்தச் சொகுசுக் கூடார விடுதியில் அவளுக்கு இதுதான் வேலை. நல்ல வேலைக்காரி என்று நிர்வாகம் மெச்சி, புருஷனோடு ஒருநாள் விருந்தாளியாகத் தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. கை சும்மா இருக்குமா? விரிப்பின் முனையை மெத்தைக்கடியில் செருகுகிறாள். எதிர்ப்பக்கம் நிற்கும் புருஷன் அதை உருவி விடுகிறான். மறுபடி செருகுகிறாள், மறுபடி உருவுகிறான். "சின்னப் பிள்ளையா நீங்க?" "இன்னைக்கு நீ விருந்தாளி. பேசாம படு." முறைத்துக்கொண்டே படுக்கிறாள். தலையணையில் தலை சாய்ந்த பிறகுதான் தெரிகிறது, மேலே கூரைத் துணியில் இலைநிழல்கள் மீன்கூட்டம் மாதிரி நீந்துகின்றன. எத்தனை தடவை விரித்த கட்டில், இதை ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியே ஈர மரப்படியில் காலடிச் சத்தம். "மேடம், ரூம் சுத்தம் பண்ணலாமா?" கூட வேலை செய்கிற தோழிதான்; குரலில் சிரிப்பு அடங்கவில்லை. அவள் பதறி எழப்போகிறாள். புருஷன் கை அவள் கையைப் பிடித்துக்கொள்கிறது. அவள் தொண்டையைச் செருமி, ஆறு வருடமாகக் கூடார வாசல்களில் நின்று விருந்தாளிகள் சொல்லக் கேட்டுப் பழகிய அதே தோரணையில் சொல்கிறாள்: "அப்புறம் வாங்க."