வாசலில் நிற்கிற ஆள்

ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் ஓவியக் கண்காட்சியில் இரத்தினவேல் கொதித்துப்போய் நின்றார். எதிரே இருந்த படத்தில் புல்வெளி நடுவே ஓர் ஓட்டுவீடு. சந்தேகமேயில்லை, வன்னியில் அவர் விட்டுவந்த வீடுதான்.

“ஆரைக் கேட்டு என்ரை வீட்டைக் கீறினனீர்?”

படம் வரைந்த கஜேந்தினி மிரண்டாள். “ஞாபகத்திலை இருந்து கீறினனான், அங்கிள்.”

“பொய்! நான் பூட்டிப்போட்டு வந்த வீடு. இதிலை கதவு ஆவெண்டு திறந்து கிடக்கு. வாசல்லை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறவன் ஆர்?”

“அவர் மட்டும் கற்பனை. இடம்பெயர்ந்து வந்த நாங்கள் பூட்டை உடைச்சுத்தான் அங்கை ஒரு வருசம் இருந்தனாங்கள். வீட்டுக்காரர் நிண்டிருந்தால் சிரிச்சுக்கொண்டு ‘வாங்கோ’ எண்டிருப்பார் எண்டு அம்மா சொல்லுவா.”

இரத்தினவேல் படத்தையே பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“எனக்கு அப்ப மீசை இருந்தது, பிள்ளை. அதையும் கீறிவிடு.”