பீச்சாங்கைச் சந்தை

மெழுகு பூசிய செம்புத் தகட்டில் சந்தையைக் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவித் துடைத்து, முதல் பிரதி எடுப்பதற்குள் பரிதிக்கு முதுகு கழன்றுவிட்டது. கண்காட்சிக்கு இன்னும் பிரதிகள் அடிக்க வேண்டும். அதற்குள் படத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் தக்காளிக்கார அஞ்சலாட்சியிடம் காட்டிவிடலாமென்று காகிதத்தையும் தகட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்ததுதான் தப்பு.

“ஏம்ப்பா, பீச்சாங்கையால குடுக்கறேனே! போணி ஆவுமா?”

உண்மைதான். படத்தில் சந்தை மொத்தமும் இடது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்டிருந்தது. பூக்காரர்கூடச் சாமி படத்துக்கு இடது கையால்தான் பூப் போட்டார்.

“தகட்டுல சரியாத்தான் இருக்குக்கா. தாள்ல அடிச்சா இடவலம் மாறிடும். மறந்துட்டேன்.”

“மாசக்கணக்கா இங்கயே குந்திக்கினு இதையா மறந்த?”

பக்கத்து வெங்காயக் கடை சிரித்தது.

“அப்ப அந்தத் தகட்டக் குடு.”

“அது இல்லன்னா மறுபடி அடிக்க முடியாதுக்கா.”

“அதுக்குத்தான் கேக்கறேன்.”

வாதாட அலுப்பாக இருந்தது. கொடுத்துவிட்டான். அவள் வலது கையால் வாங்கி, முந்தானையால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். செம்புக்குள் ஒரு குட்டி அஞ்சலாட்சி வலது கையால் தக்காளி நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திருப்தி. தகட்டைக் கீழே வைக்க மனமில்லாமல், மடியில் கிடந்த படத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள், இடது கையால்.

எந்தக் கையால் வாங்குவது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் பரிதி நின்றான்.