நண்டுக் கேள்வி

"டொக்டர், அப்ப நண்டு?"

மூன்றாவது தடவையும் அதே கேள்வி. பிரியதர்சினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ஊர்காவற்றுறைக் கரையிலிருந்த கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை. ஆராய்ச்சிக்கென்று இந்த ஊரில் இரத்தம் எடுத்தபோது, "முடிவு வந்ததும் நானே வந்து சொல்லுவன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். "எடுத்துக்கொண்டு போறவை ஆர் திரும்பி வந்தவை?" என்று அன்றைக்கே யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அந்த ரோசத்தில், இவர்களுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வதென்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இந்த மனிதர் விட்டால்தானே!

அவர் ஜெகதீஸ். நண்டு வலைக்காரர். பக்கத்தில் அவருடைய மனைவி கிறேஸ், செதில் செதிலாக உரியும் முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தாள். சொரியாசிஸ் என்ற தோல் வருத்தம். நண்டு, இறால் எல்லாம் தோலைக் கெடுக்கிற கிரந்திச் சாப்பாடு, அதைத் தின்றுதான் இந்த வருத்தத்தைத் தேடிக்கொண்டாள் என்று ஊரே சொல்லி, அவளும் நம்பிவிட்டாள். அந்த வீட்டு அடுப்பில் நண்டுச் சட்டி ஏறி வருடக் கணக்காகிறது.

மனுசி படுகிற பாட்டுக்குக் காரணம் சொல்ல வந்திருக்கிறேன், இவருக்கு நாக்குத் துடிக்கிறது! பிரியதர்சினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நண்டைக் கொஞ்சம் விடுங்கோ அண்ணை. எங்கட இரத்தத்திலை நோயை எதிர்க்கிற கலங்கள் இருக்கு. உடம்புக்குக் காவல்காரர் மாதிரி. இந்த வருத்தக்காரருக்கு அதிலை ஒரு வகை சரியான குழப்படி. வருத்தம் வந்ததாலை காவல்காரர் குழம்பினவையோ, காவல்காரர் குழம்பினதாலை வருத்தம் வந்ததோ? அதுதான் கேள்வி."

"அதை எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?" என்றார் சங்கத் தலைவர் அமலதாஸ்.

"கடலிலை தடி நட்டுக் களங்கட்டி வலை கட்டுற இடம் ஆருக்கு எது எண்டு நீங்கள் சீட்டுக் குலுக்குறேல்லையோ? விழுந்த சீட்டைப் பிறகு மாத்தேலுமோ?"

"மாத்தினால் வெட்டுக்குத்துத்தான்!"

சபை சிரித்தது.

"மரபணுவும் அப்பிடித்தான். தாயின்ரை வயித்துக்குள்ளையே சீட்டு விழுந்திடும். பிறகு என்ன வருத்தம் வந்தாலும் அந்தச் சீட்டு மாறாது. உங்கட இரத்தத்தையும், வேறை நாடுகளிலை ஆயிரக்கணக்கான ஆக்களின்ரை தரவுகளையும் சேர்த்துப் பாத்தனாங்கள். காவல்காரரைக் கிளப்பிவிடுற சீட்டு ஆருக்கு விழுந்திருக்கோ, அவைக்குத்தான் இந்த வருத்தமும் கூட வருது."

அமலதாஸ் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"அப்ப காவல்காரர்தான் கள்ளர்! வருத்தம் பிறகுதான் வந்திருக்கு!"

பிரியதர்சினிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பல்கலைக்கழகத்தில் இதை விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அப்பிடித்தான் தெரியுது அண்ணை. வேறை காரணங்களும் சேரும், ஆனால்..."

"அதுக்குள்ளை நண்டு எங்கை டொக்டர் வருது?"

மறுபடியும் ஜெகதீஸ்!

"இஞ்சேரப்பா, சும்மா இருங்கோ." கிறேஸ் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மனுசி என்ன பாடு படுறா, உங்களுக்கு வயிறுதான் பெரிசோ?"

பிரியதர்சினி வாயை விட்டுவிட்டாள்.

ஜெகதீஸ் தலையைச் சொறிந்தார். "கோவிக்காதையுங்கோ டொக்டர். ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொன்னால் காணும்."

"நண்டாலை இந்த வருத்தம் வாறேல்லை. உங்கட வீட்டிலை தாராளமாச் சமைக்கலாம். காணுமோ?"

நன்றி என்று ஒரு சொல் இல்லை. கதிரை சரிய எழும்பியவர், கரைப் பக்கமாக ஒரே ஓட்டம். பின்வரிசைக்காரர் விசிலடித்தார்கள்.

கிறேஸ் மெதுவாகக் கேட்டாள். "அப்ப, நான் திண்டு தேடின வருத்தம் இல்லையோ டொக்டர்?"

"இல்லவே இல்லை அக்கா."

கிறேசின் கண் நிறைந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியாத முகம். சேலைத் தலைப்பு முழங்கையிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவேயில்லை. வந்த வேலை முடிந்தது என்று பிரியதர்சினிக்கு மனசு நிறைந்துபோனது. இதைப் பார்க்க இருக்க வேண்டிய மனிதர்தான் சாப்பாட்டுக்கு அலைந்துகொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று அவளைக் கிறேஸ் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். குசினியில் அமலதாசின் மனைவி ஜொய்சி முருங்கையிலை போட்டு வைத்த நண்டுக் கறியின் மணம் படலை வரைக்கும் வந்தது.

சட்டியைத் துழாவி ஆகப் பெரிய நண்டாக எடுத்து, கிறேசின் சோற்றுக் கோப்பையில் வைத்தார் ஜெகதீஸ். அவள் ஒரு காலை உடைத்து உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பல்லெல்லாம் தெரிய அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோப்பையில் சோறும் பருப்பும் மட்டும்தான்.

"என்ன அண்ணை, அவ்வளவு கேள்வி கேட்டுப்போட்டு நண்டைத் தொடாமல் இருக்கிறியள்? நான் பேசினதிலை கோவமோ?" என்றாள் பிரியதர்சினி.

வாய் நிறைய நண்டோடு கிறேஸ் சிரித்தாள்.

"இவர் எங்கை டொக்டர் நண்டு தின்னுறது? சின்ன வயசிலையிருந்தே ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு வாயிலை வச்சாலே முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போடும்!"