ஒளித்து வைத்த அரிவாள்மனை

மர்ம நாவல் எழுதவென்று மலை பங்களாவில் தனியாக வந்து தங்கிய மதியழகனுக்குக் கொலைகாரனின் முதல் வசனத்தைத் தாண்டி எழுத்து நகரவில்லை. இப்போது சமையலறையில் அரிவாள்மனையைக் காணாததால் சமையல்கார செபஸ்தியம்மா மேல் வேறு சந்தேகம். அவள் பீன்ஸைக் கையாலேயே ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அரிவாள்மனை எங்கேக்கா?"

"ஒளிச்சு வெச்சிருக்கேன் சார். காலையில 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு ரூமுக்குள்ள கத்துனீங்களே."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது கதைக்கா. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன். கொல்றவனும் நான்தான், சாகறவனும் நான்தான்."

செபஸ்தியம்மாவின் முகம் தெளியவில்லை. சாத்தியிருந்த அவனுடைய அறைக் கதவையே பார்த்தாள்.

"அப்போ, 'விட்டுடுங்க'ன்னு அழுத பொம்பளை யாரு சார்?"

அவன் நாவலில் அதுவரை ஒரு பெண்கூட வரவில்லை.